ஜோரிக்குக் குரல் கொடுப்பவள்

மூன்றாவது டேக்கிலும் அதே இடத்தில் குரல் உடைந்தது. லியோனா என்று கத்தி அந்தக் கடைசி 'னா'வை மேலே மேலே ஏற்ற வேண்டும், பாதி ஏற்றத்தில் சைக்கிள் செயின் கழன்ற மாதிரி கர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் வெறும் காற்று. ஹெட்போனில் மதிவாணன் சார் மூச்சு விடுவது கேட்டது. "மோனிஷா, அஞ்சு நிமிஷம் விடு. வெந்நி குடி. வெளிய வராத, மூடு போயிடும்" என்று சொல்லிவிட்டுப் பட்டனில் இருந்து விரலை எடுத்தார். டக். அவர் அந்தப் பட்டனை அழுத்தினால்தான் அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம், ஹெட்போனிலும் சுவர் ஸ்பீக்கரிலும், கேட்கும். இப்போது எனக்கும் அவர்களுக்கும் நடுவில் கனமான கண்ணாடி. நான் இருக்கும் அறை இருட்டு, ஒரு மைக், வசனத்தாளுக்கு ஒரு குட்டி விளக்கு, எதிரே திரை. அந்தப் பக்கம் வெளிச்சம், டப்பிங் டைரக்டர் மதிவாணன் சார், சவுண்ட் இஞ்சினியர் ஜோசுவா அண்ணன், அவர்களுக்குப் பின்னால் சோபாவில் அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் தேஜு. தேஜு என் தங்கச்சி. ஆறாவது படிக்கிறாள். இன்றைக்கு ஸ்கூல் உண்டு. வருகிற வழியில் ஸ்கூல் வாசலில் இறக்கிவிடத்தான் அவளை ஆட்டோவில் ஏற்றினோம், வாசல் வந்ததும் அம்மா "நிறுத்தாதப்பா, நேரா போ" என்றாள். "மூஞ்சி வாடிக் கெடக்கு பாரு, வயித்து வலியா இருக்கும்." தேஜு "எனக்கா?" என்று கேட்டாள். வயிற்று வலிக்காரி இப்போது யூனிஃபார்மில் எண்ணெய் படாமல் மடியில் பேப்பர் விரித்துக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்கிறாள். அம்மா எதற்கு அவளைக் கூட்டி வந்தாள் என்று எனக்குத் தெரியும். நேற்றே என் குரலில் இரண்டு இடத்தில் கீறல் விழுந்தது, ஆட்டோ நேராகப் போனபோதே புரிந்துவிட்டது. புரிந்துகொண்டேதான் கத்தினேன். செயின் கழன்றது.

திரையில் ஜோரி வாயைத் திறந்தபடி நிற்கிறான். படத்தை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உள்நாக்கு வரை தெரிகிறது. அவன் பல்லெல்லாம் எனக்கு மனப்பாடம், முதல் பாகத்தில் முன்பல் ஒன்று இல்லாமல் இருந்தான், பேசும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று போகும், அதற்காக நானும் காற்று விட்டுப் பேசினேன், எனக்கு அப்போது பதினொரு வயது, தேஜுவுக்கு இப்போது இருக்கிற அதே வயது. இது மூன்றாம் பாகம். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஊரோரம் பாழடைந்த கலங்கரை விளக்கம், அதை ஏற்றினால் வெளிச்சம் கடல் மேல் விழாமல் வேறொரு கிரகத்தின் மேல் விழும், அந்த வெளிச்சத்தின் மேலேயே நடந்து போகலாம். ஜோரியும் அவன் தங்கச்சி லியோனாவும் போவார்கள், கூட ஒரு ரோபோ. ரோபோ ஒரிஜினலில் ஏதோ வாத்தியார் மாதிரிப் பேசுகிறது, நம் ஆட்கள் அதற்கு மெட்ராஸ் பாஷை போட்டுவிட்டார்கள், "இன்னா நைனா, கிரகமே கலீஜா கீது" என்று அது சொன்னால் தியேட்டர் கிழியும். இந்த மாதிரிப் படங்கள் எல்லாவற்றிலும் அப்பா அம்மா முதல் பத்து நிமிஷத்தில் காணாமல் போய்விடுவார்கள். செத்துப் போவார்கள், இல்லை ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். கூடவே இருந்தால் கதை நகராது, "எங்கடா கெளம்பிட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், உலகம் அழிந்துவிடும். ஸ்கூலை முதல் காட்சியில் காட்டுவார்கள், மணி அடிக்கும், பிள்ளைகள் ஓடி வரும், அதோடு சரி. மூன்று பாகத்திலும் ஜோரி ஒரு பரீட்சை எழுதவில்லை, எங்கேடா போனாய் என்று ஒரு டீச்சர் கேட்கவில்லை. கிரகத்தைக் காப்பாற்றிவிட்டு வந்தால் அம்மா கட்டிப்பிடிப்பாள், வயலின் வாசிப்பார்கள், முடிந்தது. என்னை ஸ்கூலில் கேட்டார்கள். ஒன்பதாவதில் பாதி நாள் நான் இந்த இருட்டில் கிரகம் கிரகமாக ஓடிக்கொண்டிருந்தேன், மூச்சு வாங்கினேன், பனியில் விழுந்தேன். விழுகிற சத்தத்தைத் தனியாக எடுப்பார்கள், அக், உப், ஹா, அதற்குப் பெயர் ரியாக்‌ஷன். அட்டெண்டன்ஸ் போதவில்லை, மறுபடியும் ஒன்பதாவதே உட்கார வேண்டும் என்றார்கள். "ஸ்கூல்ல நான் பேசிக்கிறேன்" என்று கிளம்பிப் போன அம்மா டி.சி.யோடு திரும்பி வந்தாள். இரண்டாம் பாகம் நூறு நாள் ஓடியது என்று இந்த அறைக்கே வந்து எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். நான் கிரீமைத் தொடவில்லை. குளிர்ச்சி, தொண்டைக்கு ஆகாது.

வெந்நீர் நாக்கைச் சுடுகிறது. குடித்து என்ன ஆகப்போகிறது, சளி என்றால் இறங்கும், இது சளி கிடையாது. பையன் பாத்திரத்துக்குப் பையனை வைத்துப் பேசவைக்க மாட்டார்கள், அவனை நம்ப முடியாது, பாதிப் படத்தில் ஒரு நாள் காலையில் தவளையாகிவிடுவான். அதனால் பெண் பிள்ளைதான். பெண் பிள்ளை குரல் மாறாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாறும். மெதுவாக மாறும், அதனால் மறைத்துவைக்கலாம். எனக்கு இன்னொரு குரல் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அது கீழே இருக்கிறது, நெஞ்சுக்குப் பக்கத்தில், தடியாக, கொஞ்சம் மணல் கலந்த மாதிரி. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அதைப் பேச விடுவேன். சோப்பு எங்கே, துண்டு எங்கே, ஏய் பல்லி, இவ்வளவுதான் அது இதுவரை பேசியிருக்கிறது. மற்ற நேரமெல்லாம், வீட்டில், கடையில், பஸ்ஸில் சில்லறை கேட்கும்போது கூட நான் ஜோரி. முதல் மாடிப் பொடியன் நித்திலன் ஒரு நாள் என்னை வழிமறித்து "அக்கா, நீ ஜோரி மாதிரியே மிமிக்ரி பண்றக்கா" என்றான். நான்தான்டா ஜோரி என்றேன். "போக்கா, ஜோரி பையன்" என்று சொல்லிவிட்டு, நான் போட்ட அதே ஏற்ற இறக்கத்தில், நான் மூச்சு விட்ட அதே இடத்தில் மூச்சு விட்டு, விளக்கை ஏற்று லியோனா என்று கத்திக்கொண்டு படியில் ஓடினான். எனக்குக் கோபம் வரவில்லை. என்னுடையதை எடுத்து அவன் போட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரி, சட்டையை மாதிரி, போடட்டும் என்று இருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஹெட்போனில் வருகிற நிஜ ஜோரிக்கே குரல் மாறிவிட்டது. இந்தப் பாகத்தில் அவன் பேசுவது என் இன்னொரு குரல் மாதிரிதான் இருக்கிறது, கீழே, மணலாக. அங்கே அவனுக்கு யாரும் வெந்நீர் கொடுக்கவில்லை போல, அவன் பாட்டுக்கு வளர்ந்துவிட்டான். நான் முதல் நாளே சொல்லிப் பார்த்தேன், சார், அவனே பெரிய பையன் ஆயிட்டான் சார். சார் சிரித்தார். "நம்ம ஊர்ப் பசங்களுக்கு ஜோரின்னா இந்தக் குரல்தான்மா. வேற குரல் போட்டா அழுதுடுவாங்க." அழுதால் அழட்டும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் இன்னொரு குரலிலேயே சொல்லியிருப்பேன், பயம்.

பயம் என்று எதைச் சொல்கிறேன். இந்த வேலை போய்விடும் என்பதா. பத்தாவது கூடப் படிக்காத பதினேழு வயசுப் பெண்ணுக்கு, முகத்தை யாரும் பார்க்காத வேலையில் ஆறு வருஷம் இருந்தவளுக்கு, வெளியே என்ன இருக்கிறது என்பதா. அதுவும்தான். அதற்கு மேல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பயம் உட்கார்ந்து பஜ்ஜி தின்கிறது. அம்மா எழுந்து சாருக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். வாய் அசைகிறது. எனக்கு உதடு பார்க்கிற பழக்கம், ஆறு வருஷமாக அந்நிய உதடுகளுக்குத் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், எங்கே மூடுகிறது எங்கே திறக்கிறது என்று பார்த்துவிட்டால் வசனம் தானாக வந்து உட்காரும். இந்தக் கடைசிக் கத்தலில் கூட முதலில் "லியோனா, போ" என்றுதான் எழுதியிருந்தார்கள், 'போ'வுக்கு உதடு மூட வேண்டும், ஜோரி வாயோ பிளந்து கிடக்கிறது, அதனால் "ஓடு" என்று மாற்றினார்கள். படத்தில் வெளிச்சம் அறுந்துபோகப் போகிறது, யாராவது ஒருவர் கிரகத்திலேயே நின்று விசையைப் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருவர் வீட்டுக்கு வர முடியும், அவன் பிடித்துக்கொண்டு தங்கச்சியைப் பார்த்துக் கத்துகிறான். லியோனா, ஓடு. அம்மாவின் உதடு மூடித் திறக்கிறது, மறுபடி மூடுகிறது. பாப்பாவை ஒரு தடவை பாருங்க சார். பொருந்துகிறது. மோனி பாவம் சார், விட்டுருங்க சார். அதுவும் பொருந்துகிறது. எந்த உதட்டுக்கும் எந்த வசனத்தையும் ஒட்டலாம், நன்றாக ஒட்டினால் அதுதான் உண்மை என்று தியேட்டரில் நம்புவார்கள். எனக்கு இரண்டாவது வேண்டும். முதலாவதுதான் என்று தெரியும். அம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மா கிரவுட் ஆர்ட்டிஸ்ட். ஊர் தீப்பிடித்தால், வெள்ளம் வந்தால், கிரகத்தில் இருந்து கல் விழுந்தால், கூட்டமாகக் கத்துவதற்குப் பத்துப் பேரை ஒரு மைக்கைச் சுற்றி நிற்க வைப்பார்கள், அம்மா இருபது வருஷமாக அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி. ஐயோ, ஓடு ஓடு, காப்பாத்துங்க. டிவியில் போடும்போது "தோ, அந்த ஐயோ என்னுது" என்பாள், எங்களுக்கு எல்லா ஐயோவும் ஒரே மாதிரிதான் கேட்கும். தனி மைக் அவளுக்குக் கிடைத்ததே இல்லை. எனக்குக் கிடைத்த அன்றைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அந்த மைக் நம் வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் அவள் கணக்கு. மைக் நிற்க வேண்டுமானால் ஸ்கூல் போகும். ஒரே நாளில் போகாது. வயிற்று வலி ஒரு நாள், பாட்டி செத்துப்போனாள் என்று ஒரு நாள், பாட்டி எங்களுக்குக் கிடையவே கிடையாது, அப்புறம் யாரும் காரணம் கேட்காமலே ஒரு வாரம்.

கதவு திறந்தது. கனமான கதவு, உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம், அதோடு பஜ்ஜி வாசனை. தேஜு உள்ளே வந்து இருட்டில் தடவிக்கொண்டு "அக்கா, எங்க இருக்க? ஏன் இவ்ளோ இருட்டு?" என்றாள். படம் தெரிய வேண்டாமா, இங்கே வா, ஒயரை மிதிக்காதே. "ஐய, ஜோரிக்கு உள்நாக்கு ஆடுது." ஆடவில்லை, நிற்கிறது. உன்னை யாரு வரச் சொன்னது? "அம்மா. சாரும்தான். சும்மா ஒரு தடவ கத்தணுமாம். எவ்ளோ சத்தமா கத்துனாலும் திட்ட மாட்டாங்களாம்க்கா!" அவளுக்கு அது நம்ப முடியாத அதிர்ஷ்டம், வீட்டில் கத்தினால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையைத் தட்டுவார். டக் என்று பட்டன். "மோனிஷா, பாப்பா ஒரு தடவ ட்ரை பண்ணட்டும். நீ கொஞ்சம் சொல்லிக் குடு" என்றார் சார். உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது முதலில் ஸ்கூல் ஞாபகம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. என் மைக், என் ஜோரி, என் உள்நாக்கு. ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டினேன், அவளுக்குப் பெரிசு, கழுத்து வரை இறங்கியது, பட்டையைச் சுருக்கினேன். "எப்டிக்கா கத்தணும்?" என்று கேட்டாள். இதற்கு இரண்டு பதில் இருக்கிறது. தொண்டையில் இருந்து கத்து என்று சொன்னால் போதும், கீச்சென்று வரும், சார் முகம் சுளிப்பார், பாப்பா வேண்டாம் என்பார், நாளைக்குக் காலையில் அவள் ஸ்கூல் வாசலில் ஆட்டோ நிற்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் கை அவள் வயிற்றில் போய் உட்கார்ந்துவிட்டது. இங்க இருந்து கத்து, தொண்டைய மறந்துடு, வாயத் தொறந்து விடு, அது பாட்டுக்கு வரும். வேலையில் எனக்குப் பொய் வராது, அது என் கோளாறு. அந்தப் பொடிசை ஏமாற்றி நல்லது செய்வது என்றால் அம்மாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், வயிற்று வலி என்று நானும் சொன்ன மாதிரிதானே ஆகும். சிவப்பு விளக்கு எரிந்தது. ஜோரியின் வாய் மூடி, மறுபடி திறக்க ஆரம்பித்தது. என் உள்ளங்கைக்குக் கீழே அவள் வயிறு உள்ளே போனது.

லியோனா, ஓடு. அவள் கத்தியபோது எனக்குக் கையெல்லாம் புல்லரித்தது, அதை மறைக்க மாட்டேன். 'னா' ஏறியது, ஏறிக்கொண்டே போனது, எங்கே என் செயின் கழலுமோ அந்த இடத்தைத் தாண்டி ஒன்றுமே இல்லாத மாதிரிப் போனது. ஜோரிக்குப் பத்து வயசு திரும்பி வந்துவிட்டது. உதடு அரை நொடி தள்ளி இருந்தது, அதைக் கம்ப்யூட்டரில் இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம், அது பெரிய விஷயம் இல்லை. என் பையன் வாயில் இன்னொருத்தி குரல். அந்தப் பக்கம் ஜோசுவா அண்ணன் நாற்காலியில் சுற்றித் திரும்பினார், அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், படிக்கட்டில் அன்றைக்கு அழுத அதே அழுகை. டக். "அம்மாடி! இந்தப் பாப்பாவ இத்தன நாளா எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று சார் அம்மாவைக் கேட்டார், விரலை எடுக்க மறந்துவிட்டார், அதனால் மிச்சமும் எங்களுக்குக் கேட்டது. ஜோரிய வெச்சு சீரியல் ஒண்ணு வருது விமலாம்மா, நீளமான சீரியல், திங்கக்கிழமையே ஆரம்பிச்சுடலாம், பாப்பா வரட்டும். அம்மா குனிந்து, மேஜை மைக்குக்குப் பக்கத்தில், தனி மைக்குக்குப் பக்கத்தில், "வந்துருவா சார். ஸ்கூல்ல நான் பேசிக்கிறேன்" என்றாள்.

அந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். எங்கே மூச்சு விடுவாள், எங்கே நிறுத்துவாள் என்று தெரியும். தேஜு பல்லைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், கன்னத்தில் பஜ்ஜி மாவு, இன்னொரு தடவை கத்தவா என்று கண்ணாலேயே கேட்கிறாள், அவளுக்கு எதிரே ஜோரி விசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், படத்தில் தங்கச்சிகள் சொன்ன உடனே ஓடிவிடுகிறார்கள். மைக் திறந்திருந்தது. "மாட்டா" என்றேன். பாத்ரூம் குழாய் இல்லாமல், கீழே இருந்து, நெஞ்சில் இருந்து வந்தது. அந்த அறைக்கே அது பழக்கம் இல்லை, சுவரெல்லாம் பஞ்சு, அதில் போய் முட்டி நின்றது. சார் ஜோசுவா அண்ணனைப் பார்த்தார். "யாருய்யா அது? லைன்ல வேற யாராவது இருக்காங்களா?" ஜோசுவா அண்ணன் மீட்டரைக் குனிந்து பார்த்தார். நான்தான் சார், என்றேன். மோனிஷா. திங்கக்கிழமை அவளுக்கு ஸ்கூல் இருக்கு சார். செவ்வாய்க்கிழமையும் இருக்கு. இந்த ஒரு கத்தல வெச்சுக்கங்க, நல்லா இருக்கு, என்னோடத விட நல்லா இருக்கு. முழுப் பரீட்ச லீவுல வேணும்னா நானே கூட்டிட்டு வரேன். அதுக்கு முன்னாடி வர மாட்டா. "என்னம்மா ஆச்சு உன் குரலுக்கு?" என்றார் சார், நான் சொன்னது எதுவும் காதில் ஏறாத மாதிரி. ஒண்ணும் ஆகல சார், இதான் என் குரல். அடுத்த படம் என்ன, சாப்பாடு என்ன, நாளைக்குக் காலையில் எழுந்து எந்தக் குரலில் காபி கேட்பேன், ஒன்றும் தெரியவில்லை.

தேஜு ஹெட்போனைக் கழற்றினாள். "உனக்கு ஏன்க்கா ஆம்பள குரல் வருது?" என்று கேட்டுவிட்டு, அது இல்லை கேள்வி என்று அவளுக்கே தோன்றி, "எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நீ மட்டும் பண்ணலாமா? நான் பண்ணக் கூடாதா?" என்றாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. நியாயமான கேள்வி, என்னைய வெறுத்துக்கோ, பத்தாவது முடிச்சுட்டு வெறுத்துக்கோ என்றேன், அவள் கையைப் பிடித்தேன், பிடுங்கினாள், மறுபடி பிடித்தேன், எண்ணெய்க் கை, வழுக்கியது, விடவில்லை. டக். சார் விரலை எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் அம்மா கண்ணாடிக்கு மிக அருகில் வந்து நிற்கிறாள், அவள் மூச்சுப் பட்ட இடத்தில் கண்ணாடி வெளுக்கிறது. வாய் அசைந்துகொண்டே இருக்கிறது, மூடுகிறது, திறக்கிறது, நீளமான வசனம். நான் எதையும் ஒட்டவில்லை. என்ன சொல்ல வேண்டுமோ அதை அவளே பட்டனை அழுத்திச் சொல்லட்டும் என்று தேஜுவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.